ஆர்எக்ஸ்-8 எஞ்சின் மிஸ்ஸானால்: மாற்று எஞ்சினுக்குச் சம்மதிக்கும் முன் பார்க்க வேண்டியவை

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் எஞ்சின் மிஸ்ஸாகிறது (எரிப்பு இடையிடையே தவறித் தடுமாறுகிறது) என்று பணிமனைக்குப் போகும் உரிமையாளருக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கிறது: காயில்களை (பிளக்குகள் பொறி விட மின்சாரம் தரும் பாகங்களை) மாற்ற வேண்டும், இல்லையென்றால் எஞ்சினையே மாற்ற வேண்டும். முதல் வேலை சில நூறு டாலரில் முடிந்துவிடும். இரண்டாவது வேலைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும், பல வேளைகளில் காரின் இன்றைய சந்தை விலையையே அது தாண்டிவிடும். இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டு முடிவுகளில் எது சரி என்பதை அனுமானத்துக்கு விட்டுவிட முடியாது. எஞ்சின் போய்விட்டது என்று சொல்பவர் ஆறு கம்ப்ரஷன் எண்களை, அதாவது எஞ்சின் அறைக்குள் எழும் அழுத்தத்தின் அளவுகளை, தாளில் எழுதிக் காட்டியாக வேண்டும்; அவை இல்லாத மதிப்பீடு எவ்வளவு விரிவாக அச்சிடப்பட்டிருந்தாலும் ஏற்கத்தக்கதன்று.

2003 முதல் 2012 வரை தயாரான இந்தக் காரில் பிஸ்டன்கள் இல்லை. ஒவ்வொன்றும் 654 சிசி அளவுள்ள இரண்டு அறைகளில் முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள், மூன்று முனைகள், ஒவ்வொரு முனையிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய உலோகப் பட்டை. ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்குகள் வீதம், கீழே லீடிங், மேலே டிரெய்லிங் என மொத்தம் நான்கு பிளக்குகளும், அவற்றுக்கு நான்கு தனித்தனிக் காயில்களும் உள்ளன. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பொறி விட வேண்டும். இங்கே எசென்ட்ரிக் ஷாஃப்டின் (ரோட்டர்கள் சுழற்றும் மையத் தண்டின்) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை விட வேண்டும். ஆறு கியர் மேனுவல் வகையில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 9000 வரை போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் காரின் காயில்கள் ஏன் மற்றக் கார்களின் காயில்களைவிட முன்கூட்டியே தளர்ந்துபோகின்றன என்பது விளங்கும்.

எப்போது மிஸ்ஸாகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

கருவி எதையும் கையில் எடுக்கும் முன், கோளாறு எந்த நிலையில் வருகிறது என்பதை இரண்டு மூன்று நாள் கவனித்து எழுதி வையுங்கள். மூன்றாம் அல்லது நான்காம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தி ஏற்றத்தில் ஏறும்போது மட்டும் தடுமாறினால், சந்தேகம் முதலில் காயில், பிளக், ஒயர் பக்கம் போக வேண்டும். பளு கூடும்போதுதான் பலவீனமான பொறி தோற்றுப்போகும். ஓட்டி முடித்து நிறுத்திய கார், சூடாக இருக்கும்போது மீண்டும் ஸ்டார்ட் ஆக மறுத்து, ஆறிய பிறகு எளிதாக ஸ்டார்ட் ஆனால், கம்ப்ரஷன் குறைந்திருக்கும் வாய்ப்பு வலுவாகிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வாசலில் காரைச் சற்றே நகர்த்திவிட்டு உடனே அணைத்த பிறகு வந்த கோளாறு என்றால், பிளக்குகள் பெட்ரோலில் நனைந்திருக்கக்கூடும். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் மோட்டாரைச் சில விநாடிகள் சுழற்றினால் பெட்ரோல் வரத்து நின்று அறை காய்ந்துவிடும். இந்த மூன்றையும் ஒரே கோளாறாகப் பேசுவதில்தான் பணம் கரைகிறது.

செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் பணிமனைவரை மெதுவாக ஓட்டிப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள்; காரை ஓரங்கட்டிவிடுவதே நல்லது.

அடுத்து ஒரு சாதாரண ஸ்கேனரைப் பொருத்தி, காரின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படியுங்கள், படித்ததைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எதையும் அழிக்காதீர்கள். பி0301 முன் ரோட்டரையும் பி0302 பின் ரோட்டரையும் குறிக்கின்றன. பி0300 என்பது இடம் குறிப்பிடாத மிஸ்ஸிங். கோளாறு பதிவான கணத்தில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு பளுவில் இருந்தது என்ற விவரங்களும் உடன் சேமிக்கப்பட்டிருக்கும். குறியீட்டைவிட இவைதான் அதிகம் சொல்லும், ஆனால் பல பணிமனைகளில் முதலில் அழிக்கப்படுவதும் இவைதான்.

காயில், பிளக், ஒயர்

எஞ்சினை அணைத்து ஆறவிட்ட பிறகு, முன் ரோட்டரின் லீடிங் காயிலையும் பின் ரோட்டரின் லீடிங் காயிலையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பொருத்துங்கள்; பிறகு அதே பளுவில் ஓட்டிப் பாருங்கள். பி0301 என்றிருந்த பதிவு பி0302 ஆக மாறினால் குற்றவாளி அந்தக் காயில்தான். மாறாவிட்டால் டிரெய்லிங் காயில்களை அதேபோல் மாற்றிப் பாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இங்கே வேண்டாம். கைக்கும் ஆபத்து, கன்வெர்ட்டருக்கும் கேடு.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. நான்கு காயில்களும் ஒரே வயதுடையவை என்பதால் நான்கும் சேர்ந்தே தளர்ந்திருக்கலாம். அப்போது எதை எங்கே மாற்றினாலும் பதிவு நகராது. காரில் இருப்பவை பழைய காயில்கள், எப்போது மாற்றியவை என்று யாருக்கும் தெரியாது என்றால், நான்கையும் ஒயர்களோடும் பிளக்குகளோடும் ஒரே தவணையில் மாற்றிவிடுவது என் பார்வையில் சரியான செலவு. இணையத்தில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும் பெயர் தெரியாத காயில்களை மட்டும் தவிருங்கள். புதிய காயிலே பழுதாக இருந்தால் சோதனை முழுவதும் குழம்பிவிடும்.

பிளக்குகளை அடைய, இடப்புற முன் சக்கரத்தைக் கழற்றி அந்தப் பக்கமிருந்து கையை நுழைப்பது எளிது. கழற்றும் ஒவ்வொரு பிளக்கையும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதி ஒரு துணியில் வரிசையாக வைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முனை வெளிர்பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்த இடத்தில் எரிப்பு சீராக நடக்கிறது. பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்தால் அங்கே பொறி போதவில்லை, அல்லது அறையில் அழுத்தம் போதவில்லை. லேசான எண்ணெய்ப் பூச்சைக் கண்டு மிரள வேண்டாம், இந்த எஞ்சின் சீல்களுக்காகத் தானே எண்ணெயை உள்ளே செலுத்திக்கொள்ளும் வகை. லீடிங் பிளக்கும் டிரெய்லிங் பிளக்கும் வெவ்வேறு வகையானவை, இடம் மாற்றிப் போடக் கூடாது. கார் வாங்கிய புதிதில் மிஸ்ஸானால், முந்தைய உரிமையாளர் நான்கும் ஒன்றே என்று நினைத்துப் போட்டிருக்கிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

காற்று அளவு சென்சார் அழுக்கடைவது, ரப்பர் குழாய்களில் விரிசல் வழியே காற்று புகுவது, பெட்ரோல் பம்ப் தளர்வது ஆகியவையும் மிஸ்ஸிங்கை உண்டாக்கும். ஸ்கேனரில் எரிபொருள் திருத்த விகிதம் (கணினி பெட்ரோல் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் அளவு) தொடர்ந்து கூட்டல் பக்கம் பத்து சதவீதத்தைத் தாண்டி நின்றால் இவற்றைத் தேடலாம். சீராக இருந்தால் இங்கே நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

கன்வெர்ட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காயில் தளர்ந்த நிலையில் பல மாதம் ஓட்டிய காரில் கன்வெர்ட்டரின் உட்பகுதி உருகி அடைத்திருக்கக்கூடும். வெளியேற வழியில்லாத சூட்டுப்புகை எஞ்சினுக்குள் வெப்பத்தைத் தேக்கி, சீல்களையும் கெடுத்துவிடும். உயர் ஆர்பிஎம்மில் வலு குன்றிப்போவதும், தட்டினால் உள்ளே கலகலவென்று ஓசை எழுவதும் அதற்கான அறிகுறிகள். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் வைத்து அடைப்பை உறுதி செய்யலாம். காயிலை மாற்றிவிட்டு அடைத்த கன்வெர்ட்டரை அப்படியே விடுவது அரைகுறை வேலை.

ஆறு எண்கள்

இவ்வளவும் பார்த்த பிறகும் கோளாறு நீடித்தால், கம்ப்ரஷன் சோதனைக்குப் பணம் கொடுங்கள். பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண கேஜ் இங்கே பயன்படாது. அது மூன்று முகங்களில் மிக உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், மற்ற இரண்டும் செத்திருந்தாலும் காட்டாது. ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள கருவி ஒவ்வொரு முகத்தையும் தனியாக அளந்து, ரோட்டருக்கு மூன்று வீதம் ஆறு எண்களையும், சோதனையின்போது எஞ்சின் சுழன்ற வேகத்தையும் தரும். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் எண்களும் குறையும் என்பதால், சோர்ந்த பேட்டரியோடு எடுத்த சோதனை நல்ல எஞ்சினையும் கெட்டதாகக் காட்டிவிடும்.

மாஸ்டாவின் அளவுகோல்படி, 250 ஆர்பிஎம்மில் இயல்பான அழுத்தம் 830 கிலோபாஸ்கல். குறைந்தபட்சம் 680 இருக்க வேண்டும். ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே வேறுபாடு 150-ஐயும், இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100-ஐயும் தாண்டக் கூடாது. முன் ரோட்டர் 740, 730, 750, பின் ரோட்டர் 720, 735, 710 என்று வந்தால், அந்த எஞ்சின் இளமையானதன்று, ஆனால் வரம்புக்குள் இருக்கிறது. மிஸ்ஸிங்குக்குக் காரணத்தை வெளியே தேட வேண்டும். அதற்கு மாறாக ஒரு ரோட்டரில் 770, 560, 550 என்று வந்தால் அடுத்தடுத்த இரண்டு முகங்கள் ஒருசேர விழுந்திருக்கின்றன. இரண்டு முகங்களுக்கும் பொதுவான ஏபெக்ஸ் சீல் போய்விட்டது என்பதே இதன் வழக்கமான விளக்கம், அதைக் காயிலால் சரிசெய்ய முடியாது. மூன்றும் சமமாகத் தாழ்ந்திருந்தால் பொதுவான தேய்மானம்.

மதிப்பீட்டைப் படிக்கும் முறை

எஞ்சின் மாற்ற வேண்டும் என்ற மதிப்பீடு வந்தால் முதலில் இந்த எண்களையும், அவை 250 ஆர்பிஎம்முக்குத் திருத்தப்பட்டவையா என்பதையும் கேளுங்கள். தயங்கினால் சோதனைக் கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, ரோட்டரி எஞ்சினில் பழக்கமுள்ள வேறொரு பணிமனைக்குப் போங்கள். ஆர்எக்ஸ்-8 அபூர்வமாகவே வரும் இடங்களில், தெரியாத எஞ்சினைத் தொடுவதைவிட மாற்றிவிடுவது எளிது என்ற எண்ணத்திலேயே பெரிய தொகை எழுதப்படுவதுண்டு. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களின் எஞ்சினுக்கு மாஸ்டா 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என உத்தரவாதத்தை நீட்டித்திருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டதால் இன்று முழுச் செலவும் உரிமையாளருடையது.

எண்கள் உண்மையிலேயே வரம்புக்குக் கீழே இருந்து மாற்று எஞ்சின் தவிர்க்க முடியாததானால், புதுப்பித்த எஞ்சினில் ரோட்டர் ஹவுசிங்குகள் (ரோட்டர் சுழலும் அறையின் உறைகள்) புதியவையா அல்லது பழையதையே மெருகேற்றியவையா, பழைய எஞ்சினைத் திருப்பிக் கொடுப்பதற்கான தள்ளுபடி கணக்கில் வந்திருக்கிறதா, பொருத்திய பின் எடுக்கும் கம்ப்ரஷன் எண்கள் கையில் கொடுக்கப்படுமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். அதே தாளில் புதிய காயில்கள், பிளக்குகள், ஒயர்கள், கன்வெர்ட்டர் சோதனை, ரேடியேட்டர் சோதனை ஆகிய வரிகளும் இருக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டுத் தொகையைக் குறைத்துக் காட்டும் மதிப்பீட்டில், பழைய எஞ்சினைக் கெடுத்த அதே காயில்களும் அதே அடைப்பும் புதிய எஞ்சினோடு இணைக்கப்படும். சில மாதங்களில் அது பழுதாகும்போது உத்தரவாதமும் மறுக்கப்படலாம்.