வேதியியல் தேர்வைப் பதறாமல் எழுத

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திருவட்டாறு பகுதிகளிலிருந்து என் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பலர், விடியும் முன்பே ரப்பர் தோட்டத்தில் வீட்டாருக்கு உதவிவிட்டு வருகிறவர்கள். ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலத்தை நீர்த்து ஊற்றினால் அது உறைந்துவிடும் என்பது சிறு வயதிலிருந்தே அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அப்படியிருந்தும், பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளில் கூழ்மங்களின் திரிதல், அதாவது நீர்மத்தில் பரவி நிற்கும் நுண்துகள்கள் ஒன்று திரண்டு உறைவது பற்றிக் கேட்டால் அவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். காரணமின்றி மனப்பாடம் செய்ததே பதற்றத்தில் முதலில் மறந்துபோகும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே, படிக்கும்போதே ஒவ்வொரு கருத்தையும் தெரிந்த பொருள் ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள். ரப்பர் பாலின் நுண்துகள்கள் எதிர்மின் சுமை கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து நிற்கின்றன; அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையை நடுநிலையாக்கியதும் அவை ஒன்று திரள்கின்றன. திரிதல் வினாவுக்கான விடையின் உயிர் இவ்வளவுதான். சாமிதோப்பு உப்பளத்தைக் கண்ட மாணவர், நிறைவுற்ற உப்புக் கரைசலில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தினால் குளோரைடு அயனிகள் மிகுந்து உப்பு வீழ்படிவாகும் என்பதைப் பொது அயனி விளைவுக்கு (கரைசலில் ஏற்கெனவே உள்ள அயனியையே மேலும் சேர்த்தால் கரைதிறன் குறைவதற்கு) சான்றாக எழுதலாம். மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட் கனிமத்தில் தோரியத்தோடு லாந்தனைடுகள் எனும் அருமண் தனிமங்களும் கலந்திருக்கின்றன. அணு எண் கூடக் கூட அளவு சற்றுச் சற்றாகச் சிறுகும் லாந்தனைடு குறுக்கத்தால் அவற்றின் அயனி ஆரங்கள் நெருங்கியிருப்பதே அவற்றைத் தனித்தனியே பிரிப்பதைக் கடினமாக்குகிறது.

கரிம வேதியியலில் குழப்பம் வரும் இடங்களுக்கு, ஒரே ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திருங்கள். ஆல்டால் குறுக்கமா, கன்னிசாரோ வினையா என்று திகைத்தால், ஆல்ஃபா ஹைட்ரஜன் (ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜன்) இருக்கிறதா என்று பாருங்கள். அசிட்டால்டிஹைடில் இருப்பதால் அது ஆல்டால் வினை தரும், பென்சால்டிஹைடில் இல்லாததால் அது கன்னிசாரோ வினைக்கு உட்படும். இரவில் புத்தகத்தை மூடிவிட்டு, சமன்பாடுகளை வெற்றுத் தாளில் எழுதிப் பிறகு சரிபார்ப்பது, பத்து முறை வாசிப்பதைவிடப் பயன் தரும்.

தேர்வுக்கு முந்தைய நாள் இரவு புதிய பாடம் எதையும் தொட வேண்டாம். காலையில் வழக்கமாக உண்பதையே அளவாக உண்டு, ஒரு பேருந்து தவறினாலும் அடுத்ததில் வந்து சேரும்படி முன்கூட்டியே புறப்படுங்கள். மையத்து வாசலில் மற்றவர்கள் கேட்கும் வினாக்களுக்குக் காது கொடுக்காமல், ஓரமாக உட்கார்ந்து, மனத்தில் இருக்கும் பயத்தை ஒரு தாளில் எழுதுங்கள். 2011-இல் ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பெய்லாக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் அச்சத்தை எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அந்தத் தாளை வெளியிலேயே கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள்.

வினாத்தாளை வாசிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில், விடை தெரிந்த வினாக்களையும், கட்டாய வினாக்களான 24, 33 இரண்டையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சு படபடத்தால், மூச்சை உள்ளிழுப்பதைவிட நீண்ட நேரம் வெளியே விடுங்கள். ஐந்தாறு முறை செய்தால் போதும். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் 15 ஒரு மதிப்பெண் வினாக்களிலிருந்து வருகிறது. அவற்றைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டால் கை ஓடத் தொடங்கிவிடும். விருப்பக் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 75 நிமிடம், மூன்று மதிப்பெண்ணுக்கு 45, இரண்டு மதிப்பெண்ணுக்கு 25 என்று ஒதுக்கினால், 20 நிமிடம் கையில் மிஞ்சும். இந்தக் கணக்கை வீட்டில் இரண்டு மாதிரித் தேர்வுகளிலாவது எழுதிப் பழகியிருக்க வேண்டும்.

கணக்குகளில்தான் பதற்றம் அதிகச் சேதம் செய்கிறது. முதலில் தரவுகள், அடுத்து வாய்பாடு, பிறகு பிரதியிடல், இறுதியில் அலகு என்ற வரிசையை மாற்றாதீர்கள். விடை தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற மறப்பதே நான் அதிகம் கண்ட பிழை. விடை வந்ததும், அது இயல்பானதா என்று ஒரு கணம் யோசியுங்கள். 0.002 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 2.699 என்பது இயல்பான விடை; ஆனால் 10-இன் அடுக்கு −8 மோலார் அளவுக்கு நீர்த்த அதே அமிலத்துக்கு 8 என்று விடை வந்தால், அமிலம் காரமாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்தால்தான் ஏறத்தாழ 6.98 என்ற சரியான விடை கிடைக்கும். முதல் வகை வினையொன்று 99.9 விழுக்காடு முடிய, அரைவாழ் காலத்தை (பாதி முடிய ஆகும் நேரத்தை) போல் ஏறத்தாழ பத்து மடங்கு நேரம் ஆகும் என்பதும் அப்படிச் சரிபார்க்க உதவும்.

விடை நினைவுக்கு வராத வினாவில் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்காமல், இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். வேறொன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே அது நினைவுக்கு வந்துவிடுவதுண்டு. மிஞ்சிய 20 நிமிடத்தில் வினா எண்களையும், சமன்பாடுகள் சமன் செய்யப்பட்டுள்ளனவா என்பதையும், அலகுகளையும் மட்டும் பாருங்கள். வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டுக்கொண்டு நிற்காமல் பேருந்தேறி வீடு சேருங்கள். சாப்பிட்டு ஓய்வெடுத்து, அடுத்த தேர்வுக்கான புத்தகத்தை மாலையில் திறந்தால் போதும்.