ஊரடங்கு உங்கள் தெருவை என்ன செய்தது: கணக்கெடுக்கும் முறை

கும்பகோணத்திலோ திருச்சியிலோ ஒரு தெருவை எடுத்துக்கொண்டு கணக்கெடுக்கப் போகிறவர்கள், '2020 ஏப்ரலில் வருமானம் எவ்வளவு?' என்றுதான் தொடங்குவார்கள். அதைக் கேட்காதீர்கள். பூ விற்பவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் மாத வருமானம் என்று ஒன்று ஏது? வாய்க்கு வந்த தொகையைச் சொல்வார்கள். கடனைக் கேளுங்கள், அது ஞாபகத்தில் இருக்கும்.

முப்பது, நாற்பது வீடு போதும், ஆனால் வீடு விடாமல் போகவேண்டும். வாடகை கட்ட முடியாமல் காலி செய்து போனவர்களைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அதிகம் அடிபட்டவர்கள் அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டால் தெரு நன்றாகத் தப்பித்ததுபோல் கணக்கு காட்டும்.

வீட்டுக்கு ஒரு தாள். நடுவில் கோடு போட்டு 2020 மார்ச் முதல் 2021 டிசம்பர் வரை மாதங்களைக் குறியுங்கள். தேதி கேட்டால் குழம்புவார்கள், நடந்ததைச் சொன்னால் நினைவு வரும். மேட்டூர் அணை திறந்த ஜூன் 12, ஆற்றங்கரையில் கூட்டமில்லாத ஆடிப்பெருக்கு, நவம்பரில் நிவர் புயல், திருச்சியில் காந்தி மார்க்கெட் வியாபாரம் ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது: இவற்றைக் கோட்டுக்கு மேலே எழுதிவிடுங்கள். 2020, 2021 என இரண்டு ஊரடங்கையும் ஒன்றாகக் கலந்து சொல்வது சகஜம். 'அப்போ ரேஷன் கார்டுக்கு ஆயிரமா, ரெண்டாயிரமா?' என்று கேளுங்கள். ஆயிரம் என்றால் 2020. இரண்டு தவணையாக நாலாயிரம் வந்தது 2021. நடுவில் வந்த பொங்கல் பணம் 2,500 இதில் சேராது.

கோட்டுக்குக் கீழே கடன்: யாரிடம், எப்போது, எவ்வளவு, அடைந்ததா. தண்டல், மகளிர் குழு, அடகு, சொந்தக்காரர் என்று தனித்தனியாகக் கேட்டால்தான் முழுசாக வரும். குழுக்கடன் கணவருக்குத் தெரியாமலும் இருக்கும். வீட்டு அக்காவிடம் தனியே பேசுங்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணைதான் நின்றது, வட்டி ஓடியது. அதனால் வாய்ச்சொல்லை விட்டு, கட்டிய தவணையைக் குறித்துத் தரும் அட்டையில் தவணைகளை எண்ணுங்கள். நகைக்கு அடகுச் சீட்டைப் பாருங்கள். ஒரு கடையில் மீட்டு இன்னொரு கடையில் வைத்ததை மீட்டதாக எழுதாதீர்கள். மூழ்கிப்போன நகைக்குத் தனிக் குறி.

டெல்டாவில் இன்னொரு சிக்கல் உண்டு. விவசாய வேலைக்குத் தடை இல்லாததால் டவுனில் வேலை இழந்த பலர் நடவுக்குப் போனார்கள். அதைக் கேட்காமல் 'வேலையில்லை' என்று எழுதினால் தப்பு. கோயில் வாசல் கடைக்காரருக்கோ கணக்கே வேறு: பெரிய கோயில்கள் 2020 செப்டம்பர் 1-இல்தான் திறந்தன, 2021-இல் ஊரடங்கு தளர்ந்த பிறகும் வெள்ளி, சனி, ஞாயிறு தரிசனம் சில வாரங்கள் இல்லை. நல்ல வியாபாரம் அந்த மூன்று நாளில்தான்.

தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். எந்த எண் எந்த வீடு என்பது வேறு நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டை அதே தெருவில் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.