விரியும் அண்டத்தில் ஒளித்துகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைதூர விண்மீன் திரள்களின் ஒளியில் காணப்படும் செம்பெயர்ச்சியை, அதாவது அலைநீளம் கூடிச் சிவப்புப் பக்கம் நகர்வதை, விளக்க முற்படுவோர் பலரும், ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகளை வழிநெடுக இழுத்து நீட்டப்படும் சுருள்கம்பியாகவே வரைந்துவிடுகிறார்கள். ஃபோட்டானின் அலைநீளம் என்பது அத்துகளின் உடல் நீளம் அன்று. அது மின்காந்தப் புலத்தின் அதிர்வுப் பாங்குக்கு உரியது. அண்டம் விரியும்போது அப்பாங்கின் அலைநீளம் கூடி, அதிர்வெண் குறைகிறது. அதிலுள்ள ஃபோட்டான்களின் எண்ணிக்கை மாறுவதில்லை.

எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் ஆற்றலையும் சேர்த்துப் பாராமல் விடுவது கணக்குகளில் காணப்படும் ஒரு பிழை. அண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆனபோது சுமார் 3,000 கெல்வின் வெப்பநிலையில் விடுபட்ட கதிர்வீச்சு, இன்று 2.725 கெல்வினில் நுண்ணலைப் பின்புலமாக, அதாவது வானெங்கும் பரவிய மங்கிய நுண்ணலைக் கதிர்வீச்சாக, நம்மை வந்தடைகிறது. இடைப்பட்ட காலத்தில் தொலைவுகள் ஏறத்தாழ 1,100 மடங்கு பெருகியதால், ஒரு கன அளவிலுள்ள ஃபோட்டான்கள் அந்த மடங்கின் மும்மடிக்கு ஏற்பக் குறைந்தன. அதற்கு மேல் ஒவ்வொன்றின் ஆற்றலும் அதே 1,100இல் ஒரு பங்காகக் குறைந்தது. ஆகவே கதிர்வீச்சின் ஆற்றல் அடர்த்தி நான்மடியில் வீழ்கிறது. பருப்பொருளைப் போல மும்மடியோடு நிறுத்திவிடக் கூடாது. எல்லா அதிர்வெண்களும் ஒரே விகிதத்தில் குறைவதால் கரும்பொருள் நிறமாலை, அதாவது வெப்பநிலையால் மட்டுமே வடிவம் தீர்மானிக்கப்படும் நிறமாலை, கரும்பொருள் நிறமாலையாகவே நீடிக்கிறது. 1989இல் ஏவப்பட்ட கோபி (COBE) செயற்கைக்கோள் அதை வியப்பூட்டும் துல்லியத்துடன் அளந்து காட்டியது.

ஒளி பயணத்தில் களைத்து ஆற்றலை இழக்கிறது என்ற கருத்தை 1929இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி முன்வைத்தார். அன்று அது நியாயமான ஐயம். இன்று அதைப் புதிய கண்டுபிடிப்பாகத் தூக்கிப் பிடிப்பது வீண். செம்பெயர்ச்சி 1 உள்ள, அதாவது ஒளியின் அலைநீளம் இரு மடங்காகி நம்மை அடையும், சூப்பர்நோவா (வெடிக்கும் விண்மீன்) ஒன்று ஒளிர்ந்து மங்க இரு மடங்கு காலம் எடுப்பதாக நமக்குத் தெரிகிறது; களைத்த ஒளிக் கொள்கையால் இதை விளக்க இயலாது. அண்டத்தோடு அணுக்களும் விரிகின்றன என்பதும் தவறே. அணுக்களும் அளவுகோல்களும் அதே விகிதத்தில் விரிந்திருந்தால் செம்பெயர்ச்சியையே நாம் அளந்திருக்க முடியாது.

இழந்த ஆற்றல் எங்கே போயிற்று என்ற கேள்விதான் பலரையும் தடுமாற வைக்கிறது. அது இருண்ட ஆற்றலாக (அண்ட விரிவை விரைவுபடுத்துவதாகக் கருதப்படும் ஆற்றலாக) மாறியது என்று சிலர் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஃபோட்டான் வாயு விரியும்போது உந்துதண்டைத் தள்ளி வேலை செய்வதாகச் சொல்லும் விளக்கம் சமன்பாட்டளவில் சரியான விடையையே தரும். ஆயினும் எங்கும் சீரான அண்டத்துக்கு வெளியே, அவ்வேலையைப் பெற்றுக்கொள்ள உந்துதண்டும் இல்லை, சுவரும் இல்லை. கணிதவியலாளர் எம்மி நோய்தர் 1918இல் வெளியிட்ட தேற்றத்தின்படி, ஆற்றல் அழியாமை என்பது காலத்தால் மாறாத சமச்சீரிலிருந்து, அதாவது காலம் நகர்ந்தாலும் நிலைமை மாறாதிருப்பதிலிருந்து, பிறப்பது. விரியும் அண்டத்தில் அச்சமச்சீர் ஒட்டுமொத்தமாக இல்லை. மேலும், ஃபோட்டானின் ஆற்றல் அதை அளப்பவரின் இயக்கத்தையும் சார்ந்தது. ஒளி கடக்கும் பாதை நெடுகிலும், தத்தம் இடத்தில் அண்ட விரிவோடு செல்லும் அளப்பவர்களை நிறுத்தினால், ஒவ்வொருவரும் முந்தையவரைவிடச் சற்றே குறைந்த ஆற்றலை அளப்பார். இயக்கத்தால் அதிர்வெண்ணில் நேரும் அந்தச் சிறு டாப்ளர் மாற்றங்கள் சேர்ந்தே முழுச் செம்பெயர்ச்சியாகின்றன.