எரிச்சல் இல்லாமல் கால் முடி மழிக்க: உப்புத் தண்ணீர் ஊர்களுக்கான செய்முறை

கால் முடியை மழித்த மறுநாள் ஆடுசதை முழுக்கச் சிவந்து பொரிந்துவிட்டால், “எனக்கு ரேசர் ஒத்துக்காது” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டெல்டாவில் பல வீடுகளில் ஒத்துக்கொள்ளாதது ரேசர் அல்ல, தண்ணீர். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று துணி துவைக்கும்போது சலித்துக்கொள்கிறோம். அதே தண்ணீரில் மழிக்கும்போது அதை மறந்துவிடுகிறோம். நுரை நிற்காத இடத்தில் பிளேடு வெறும் தோலைத்தான் சுரண்டுகிறது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

உள்ளங்கையில் கொஞ்சம் சோப்பை நுரைத்து, முப்பது எண்ணும்வரை விடுங்கள். நுரை அடங்கி, திரிந்த பால் போலத் துணுக்குத் துணுக்காக நின்றால் அந்தத் தண்ணீர் இந்த வேலைக்கு ஆகாது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகிவிடுகின்றன. மழித்தபின் பிளேடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் அடைத்துக்கொண்டிருப்பது அந்தப் பிசுக்கும் முடியும்தான்.

இரண்டு காலுக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் போதும். கூட்டுக் குடிநீர்க் குழாயில் பிடித்தது, சேமித்த மழைத்தண்ணீர், எதுவானாலும் சரி. உங்கள் வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்றால், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மேலாக இறுத்துக்கொண்டாலே கடினம் ஓரளவு குறையும். உப்புக் கரிப்பு மட்டும் கொதிக்க வைத்தாலும் போகாது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் ஷேவிங் கிரீமுக்குப் பதில் தலைக்குப் போடும் கண்டிஷனரைத் தடவுங்கள். அது சோப்பு வகை இல்லை என்பதால் திரியாது, வழுவழுப்பும் நிற்கும்.

ரேசர்

இரண்டு அல்லது மூன்று பிளேடு உள்ளது, தலை கொஞ்சம் அசைந்து கொடுப்பது, ஆரம்பத்துக்கு நல்லது. ஐந்து முதல் ஏழு முறைக்குள் மாற்றிவிடுங்கள். துரு ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம், முனை அதற்கு வெகுமுன்பே மழுங்கிவிடும். வீட்டு ஆண்களின் ரேசரை எடுக்காதீர்கள், உங்களுடையதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் ஒட்டிய ரத்தம் வழியாக ஹெபடைடிஸ் பி தொற்றலாம்.

முந்தைய நாள்

ஈரமான பீர்க்கன் நாரால் காலுக்கு ஒரு நிமிடம், வட்ட வட்டமாக, அழுத்தாமல் தேய்த்துக் கழுவுங்கள். செத்த தோல் போய்விட்டால் முடி உள்ளே மாட்டாது. நலங்கு மாவு பழக்கம் இருந்தால் துணியில் சலித்த நைஸ் மாவாக இருக்கட்டும், கொரகொரப்பு கீறிவிடும். மழிக்கும் அன்று தேய்க்கவே வேண்டாம்.

மழிப்பது

இரவுக் குளியலின் முடிவில் செய்யுங்கள். மழித்த தோலுக்கு வெயிலும் வியர்வையும் இல்லாமல் ஏழெட்டு மணி நேரம் கிடைக்கும். முடி அரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் முதலில் கத்தரியாலோ டிரிம்மராலோ குறையுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று நிமிடம் காலை நனைய விடுங்கள். நனைந்த முடி மிருதுவாகி லேசில் வெட்டுப்படும். கால் மணி நேரம் ஊறினால் தோல் உப்பி முடி அடியில் பதுங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவி மழிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. எண்ணெயில் முடி ஒட்டி பிளேடு இடுக்கு அடைபடும், அடைபட்டதும் கை தானாக அழுத்தும், காயம் அங்கேதான் தொடங்குகிறது. எண்ணெயை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்குக் கீழே ஒரு காலுக்கு நெல்லிக்காய் அளவு கிரீம் தடவி இரண்டு நிமிடம் விடுங்கள். அதற்கு முன்பே முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்து வைத்திருக்க வேண்டும். முன்பக்கம் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும், ஆடுசதையில் பக்கவாட்டில் திரும்பும். அந்தச் சாய்வோடு, ஒரு இழுப்பு ஐந்து சென்டிமீட்டருக்கு மிகாமல் இழுங்கள். ரேசரின் எடையே போதும், கை வழிகாட்டினால் சரி. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை மக்கில் முக்கி அலசுங்கள். கிரீம் போன இடத்தில் மறுபடி இழுக்க வேண்டுமானால் மறுபடி கிரீம் வைத்துவிட்டுத்தான்.

முதல் மூன்று நான்கு முறை இதோடு நிறுத்துங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் மழமழவென்றுதான் இருக்கும், ஆனால் முடி தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படும். வளரும்போது அந்தக் கூர்முனை வளைந்து தோலைக் குத்தும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும் சிவப்புப் புடைப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னும் வழவழப்பு வேண்டுமென்றால், கால் பழகியபின் இரண்டாம் சுற்றைக் குறுக்காக இழுக்கலாம்.

முழங்காலை லேசாக மடக்கினால் சுருக்கம் விரியும். அதற்கு மேல் மடக்கினால் எலும்பு புடைத்து வெட்டிக்கொள்ளும். கணுக்கால் மொட்டைச் சுற்றியும் குதிகால் நரம்பின் இருபக்கப் பள்ளத்திலும்தான் ரத்தம் அதிகம் வரும். பாதத்தை முன்னே நீட்டி, ஒரு விரலால் தோலைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நகர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் இழுப்பாகச் செய்யுங்கள். கீறிவிட்டால் சுத்தமான துணியால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். அப்படியும் கசிந்தால் நனைத்த படிகாரத்தை அந்தப் புள்ளியில் மட்டும் தொடுங்கள். சுரீரென்றுதான் இருக்கும்.

மழித்தபின்

குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துண்டால் ஒற்றுங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். சோற்றுக்கற்றாழை என்றால் மடலை வெட்டிக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடிய விடுங்கள், அந்தப் பாலே அரிப்பைக் கிளப்பும். பிறகு கழுவி, உள்சோற்றை மட்டும் எடுங்கள். எலுமிச்சை, ஆஃப்டர்ஷேவ், சென்ட் எதுவும் வேண்டாம். மஞ்சளும் அன்று வேண்டாம். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் புதன் இரவே மழித்துவிட்டால் இடைவெளி கிடைக்கும். ஒரு நாளாவது இறுக்கமான லெக்கிங்ஸைத் தவிருங்கள்.

நடவுக்கோ களையெடுக்கவோ வயலில் இறங்குபவர்கள் முந்தைய நாள் மழிக்கவே கூடாது. தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் கிருமிக்கு அந்தச் சின்னக் கீறலே வாசல். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களும், யானைக்கால் வீக்கம் உள்ளவர்களும் ரேசரைத் தொடாமல் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

புடைப்பு வந்துவிட்டால் கிள்ளாதீர்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியைப் பத்து நிமிடம், தினம் இரண்டு வேளை வையுங்கள். அடங்கும்வரை மழிக்க வேண்டாம். சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவிச் சூடாக வலித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மழித்தால் முடி தடித்து வளரும் என்ற பயம் மட்டும் தேவையில்லை. வேர் மாறுவதில்லை, நுனி மொட்டையாக வெட்டுப்பட்டதால் கைக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் ரேசரை நல்ல தண்ணீரில் அலசி உதறுங்கள். முனையைத் துண்டால் துடைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் குளியலறை காயவே காயாது, அதனால் வெளியே காற்று படும் ஆணியில் தலைகீழாக மாட்டிவிடுங்கள்.