வெளிநாட்டில் குடியேறும் முன் போட வேண்டிய செலவுக் கணக்கு

வேலை உறுதியானதும் எல்லோரும் முதலில் செய்வது, சம்பளத்தைச் சொந்த நாட்டுப் பணத்தில் பெருக்கிப் பார்ப்பது. நானும் செய்தேன், இரண்டு நாள் தூக்கமே வரவில்லை! அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். சம்பாதிப்பதும் செலவழிப்பதும் அங்குள்ள பணத்தில்தான்.

படி 1: கைக்கு வருவது எவ்வளவு?
வேலைக் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் பிடித்தம் போகாத ஆண்டுச் சம்பளம். வருமான வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் எல்லாம் போக மாதம் என்ன நிற்கும் என்று அந்த நாட்டு வரிக் கணிப்பானில் பாருங்கள். இனி எல்லாச் செலவும் இந்தத் தொகைக்குள்தான்.

படி 2: வாடகை
பட்ஜெட்டில் பெரிய பங்கு இதற்கே போகும். நம்பியோ (Numbeo) போன்ற விலைவாசி ஒப்பீட்டு இணையதளங்களில் இருப்பவை பயனர்கள் பதிந்த விலைகள். குத்துமதிப்புக்குச் சரி, அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வேலையிடத்துக்குப் போய்வர வசதியான பகுதிகளில் பத்துப் பதினைந்து வாடகை விளம்பரங்களையாவது படியுங்கள். தண்ணீர், மின்சாரம், குளிர்நாடானால் வெப்பமூட்டும் செலவு வாடகைக்குள் அடங்குமா? சில நாடுகளில் காலி வீடு என்றால் அடுப்புகூட இருக்காது. தள்ளியிருக்கும் வீடு மலிவாகத் தெரிந்தால், மாதப் பயணச் சீட்டையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

படி 3: குடியேறும் செலவு
பலரும் சறுக்குவது இங்கேதான். இதை மாதச் செலவோடு கலக்காமல் தனித்தாளில் எழுதுங்கள்: விசா, விமானச் சீட்டு, தற்காலிகத் தங்கல், வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, படுக்கை, பாத்திரம். புதிதாக வருபவருக்கு அங்கே கடன் வரலாறு (கடன்களை ஒழுங்காகக் கட்டிய பதிவு) இருக்காது என்பதால், வீட்டுக்காரர் கூடுதல் முன்பணம் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கு முகவரி கேட்பார்கள், வீட்டுக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள். நான் இந்தச் சுழலில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டு, தங்கும் விடுதிக்கே பணத்தைக் கொட்டினேன். முதல் சம்பளமும் பல இடங்களில் மாதக் கடைசியில்தான் வரும். மூன்று மாதச் செலவுக்காவது கையில் பணம் வேண்டும் என்பது என் கணக்கு.

படி 4: மற்றவை
சாப்பாடு, போன் செலவெல்லாம் அங்கே போன பிறகு தானாகப் பிடிபடும். குடும்பத்தோடு போகிறவர்கள் இரண்டை மட்டும் முன்பே விசாரியுங்கள்: துணைவருக்கு வேலை அனுமதி உண்டா, குழந்தைக் காப்பகக் கட்டணம் எவ்வளவு. அப்புறம் மருத்துவக் காப்பீடு. பல், கண் சிகிச்சை அதில் சேராமல் போகலாம்.

படி 5: வீட்டுக்கு அனுப்புவது
மிச்சத்தில் எவ்வளவு அனுப்பலாம் என்று பார்க்கும்போதுதான் மாற்று விகிதம் தேவை. ‘கட்டணமே இல்லை’ என்று சொல்லும் பணம் அனுப்பும் நிறுவனங்கள், மாற்று விகிதத்தைக் குறைத்துக் கொடுத்து அதை எடுத்துக்கொள்வதுண்டு. அனுப்பும் தொகையை விட்டுவிட்டு, கடைசியில் கையில் சேரும் தொகையை ஒப்பிடுங்கள்.