உயரமானவர்களுக்கு பைக்கை செட் செய்வது எப்படி: சீட்டில் தொடங்கி ஹேண்டிலில் முடிப்போம்

என் உயரம் 6 அடி 2 அங்குலம். வீட்டில் இருந்த வண்டி அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அதில்தான் தினமும் வேலைக்குப் போவேன். காரிமங்கலம் வரும்போது முட்டி வலிக்கும், காவேரிப்பட்டணத்தில் இடுப்பு பிடிக்கும். நான் வண்டி ஓட்டுவது ஒட்டகம் ஆட்டுக்குட்டி மேல் ஏறின மாதிரி இருக்கிறது என்று நண்பர்கள் சிரிப்பார்கள். "பெரிய வண்டி வாங்கிடு" என்பதுதான் எல்லோரும் சொன்ன யோசனை. அதற்குப் பணம் இல்லாததால் இருக்கிற வண்டியைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டேன். நான் செய்த வரிசை தப்பு. நீங்கள் சரியான வரிசையில் செய்யலாம்.

படி 1: அளந்து பாருங்கள்

வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வழக்கமாகப் போடும் ஷூவோடு ஏறி உட்காருங்கள். யாரையாவது பக்கவாட்டில் நின்று, உங்கள் முட்டி உயரத்தில் போனைப் பிடித்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானியைத் திரையின் மேல் வைத்து, இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் சேர்த்தால் வரும் கோணத்தைப் படியுங்கள். எனக்கு வந்தது 78 டிகிரி. 90-க்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு மணி நேர ஓட்டம் தாங்கும். 80-க்குக் கீழே போனால் முட்டியை நீட்ட இடம் தேடிக்கொண்டே ஓட்டுவீர்கள். இது என் அனுபவக் கணக்குதான். உங்கள் முட்டி வேறு மாதிரி சொன்னால் அது சொல்வதைக் கேளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கம்பெனி போடும் சீட் உயரம், தரையிலிருந்து சீட் வரை உள்ள அளவு. ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டிக்கு 785 மி.மீ., ஹன்டர் 350-க்கு 790 மி.மீ., எக்ஸ்பல்ஸ் 200 4வி-க்கு 825 மி.மீ. கால் தரையில் எட்டுமா என்பதைத்தான் இந்த எண் சொல்லும். நமக்கு அது கவலையே இல்லை. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதை வைத்துத்தான் முட்டி எவ்வளவு மடங்கும் என்பது முடிவாகும். மீட்டியர் 350-இன் சீட் உயரம் 765 மி.மீ. தான். ஆனால் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருப்பதால் கால் அவ்வளவாக மடங்காது. அதனால் ஷோரூமுக்குப் போனால் டேப்பை சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்டுக்குப் பிடியுங்கள்.

"பின் ஷாக் அப்சார்பரை ஒரு நாட்ச் (ஒரு படி) ஏற்றினால் சீட் உயர்ந்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். உயரும்தான். ஆனால் ஃபுட்ரெஸ்டும் அதே சேஸியில் (வண்டியின் சட்டகத்தில்) தானே இருக்கிறது, அதுவும் சேர்ந்தே உயரும். முட்டிக்கு ஒரு பயனும் இல்லை. உங்கள் எடைக்கும் பின்னால் உட்காருபவருக்கும் தகுந்தபடி நாட்ச் வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம்.

படி 2: சீட்

முதலில் தொட வேண்டியது இதுதான். பழைய சீட்டில் ஓட்டுபவர் உட்காரும் இடத்தில் ஃபோம் அமுங்கிக் குழி விழுந்திருக்கும். அந்தக் குழிதான் நம்மை டேங்க் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். சீட்டைக் கழற்றி, சீட் கவர் தைக்கும் கடைக்கு எடுத்துப் போங்கள். முழு சீட்டும் புதிதாக வேண்டாம். முன்பாதியில் மட்டும் கெட்டியான ஃபோம் வைத்து ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலம் ஏற்றி, குழியைச் சமமாக்கி, பின் சீட்டுக்கு ஏறும் மேட்டை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளித் தரச் சொல்லுங்கள். பின்னால் தள்ளும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் உண்மையான சுகம் இருக்கிறது.

நான் பேராசையில் இரண்டு அங்குலம் ஏற்றச் சொன்னேன். கடைக்காரர் சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்னேகால் போதும் தம்பி, அதுக்கு மேல போனா வளைவுல வண்டி உங்க பேச்சைக் கேக்காது, பின்னாடி உக்கார்றவங்களும் உங்களைத் திட்டுவாங்க" என்றார். அவர் சொன்னதே சரி. ஒன்றேகால் அங்குலத்துக்குப் பிறகு கோணம் 82 டிகிரி ஆனது. பின்னால் தள்ளி உட்கார முடிந்ததால் ஹேண்டில் முட்டியில் இடிப்பதும் நின்றது.

ஃபோம் மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். கடையில் அழுத்தும்போது சுகமாக இருப்பது அரை மணி நேரத்தில் பலகையாகிவிடும். அழுத்தினால் மெதுவாக இறங்கி உடனே எழும்ப வேண்டும். கவருக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்ல மறக்காதீர்கள். தையல் ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் இரண்டு நாளைக்கு ஈரப் பேன்ட்தான்.

படி 3: கால்

பெரிய ஆளுக்குப் பெரிய பாதம். என் ஷூ 11-ஆம் நம்பர். முன்னும் பின்னும் மிதிக்கிற கியர் லீவர் உள்ள வண்டிகளில் நம் ஷூ இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். லீவரை ஷாஃப்டில் பிடித்திருப்பது ஒரே போல்ட்தான். கழற்றும் முன் லீவர் இருந்த நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, ஷாஃப்டில் உள்ள பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டிப் பாருங்கள். முன்பக்கம் உயர்ந்தால் பின்பக்கம் தாழும், அது ஃபுட்ரெஸ்டில் இடிக்கிறதா என்று பாருங்கள். பின் பிரேக் பெடலின் உயரத்தை மாற்றினால், சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்று பார்க்காமல் ரோட்டுக்குப் போகாதீர்கள்.

படி 4: ஹேண்டில்

சீட் உயர்ந்துவிட்டதால் ஹேண்டில் இப்போது தாழ்வாகத் தெரியும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். நான் இதை முதலில் செய்து மாட்டிக்கொண்டவன்.

ஆன்லைனில் ரைசர் (ஹேண்டிலை உயர்த்த அதன் அடியில் வைக்கும் துண்டு) வாங்கி, வீட்டு வாசலிலேயே மாட்டி, பெருமையாகக் கிளம்பினேன். நான்கு ரோட்டில் யு டர்ன் எடுக்க ஹேண்டிலை முழுக்கத் திருப்பியதும், கை அசையாமலே இன்ஜின் உறுமியது. ஆக்ஸிலேட்டர் கேபிள் நீளம் போதாமல் தானாக இழுபட்டிருக்கிறது. கிளட்ச்சைப் பிடித்துத் தப்பினேன். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எனவே முதலில் செலவில்லாத வேலை. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, கைகளை முன்னால் நீட்டித் தளர விடுங்கள். கை எங்கே விழுகிறதோ அங்கே கிரிப் இருக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி ஹேண்டிலை உங்கள் பக்கம் லேசாகச் சுழற்றுங்கள். முழங்கை சற்று மடங்கி இருக்கட்டும். கிளட்ச், பிரேக் லீவர்களையும் திருப்பி, விரல் நீட்டினால் முன்கையோடு ஒரே கோட்டில் வருமாறு வையுங்கள். பலருக்கு இதுவே போதும்.

போதவில்லை என்றால் மட்டும் ரைசர், அதுவும் ஓர் அங்குலத்துக்குள். மாட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை திருப்புங்கள். சத்தம் ஏறக் கூடாது, கிளட்ச் கேபிள் விறைக்கக் கூடாது, பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. போல்ட்டை எந்த அளவுக்கு இறுக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும், மெக்கானிக்கிடம் அதைக் காட்டுங்கள். இதற்கு மேல் ஹேண்டில், சேஸி என்று கைவைக்கும் ஆசை வந்தால், ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிகளைத் திரும்பச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு போவீர்கள்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

தெருவைச் சுற்றி வந்து முடிவு செய்யாதீர்கள். வலி அரை மணிக்குப் பிறகுதான் வரும். தொப்பூர் கணவாய் பக்கம் இதற்காகப் போகவும் வேண்டாம், அங்கே லாரிகளுக்கு நடுவே முட்டியைப் பற்றி யோசிக்க முடியாது. நான் பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனேன். பென்னாகரத்தில் ஒரு டீ, முட்டி எப்படி இருக்கிறது என்று போனில் ஒரு குறிப்பு. அதைத் தாண்டினால் இறக்கமும் வளைவும் வரும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் மணிக்கட்டில் விழுந்தால் ஹேண்டில் இன்னும் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போதைக்கு டேங்கை முட்டியால் இறுக்கிப் பிடித்தால் பாரம் குறையும்.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு வலித்தால் எதைக் குறை சொல்வது? 100 கி.மீ. ஓடியதும் ஹேண்டில், கியர் லீவர் போல்ட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள். என் கியர் லீவர் போல்ட் லேசாகத் தளர்ந்துதான் இருந்தது.