வெள்ளம் வடிந்ததும் சாவியைத் தொடாதீர்கள்

மழை எச்சரிக்கை வந்தவுடன் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்துபவர்களைக் கேலி செய்கிறார்கள். காப்பீட்டுக்காக வண்டிகளின் சேத மதிப்பீடு செய்யும் சர்வேயரான எனக்கு அவர்கள்மீது மரியாதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும், தண்ணீர் கெடுத்ததைவிட, வடிந்த பிறகு சாவியைத் திருப்பியவர்கள் கெடுத்துக்கொண்டதுதான் பெரிய செலவு.

இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், மேலேறும் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் முட்டும். பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நின்ற வண்டியில் ராட் தானாக வளையாது. அதனால் இன்ஜினைப் பிரித்ததுமே ஸ்டார்ட் செய்தது தெரிந்துவிடும். "நான் தொடவே இல்லை சார்" என்பார்கள். ராட் வேறு சொல்லும். இதைப் பின்விளைவுச் சேதம், அதாவது வெள்ளத்தால் நேரடியாக வராமல் அதன்பின் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம், என்று காப்பீட்டு நிறுவனம் ஏற்க மறுக்கும். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுத்திருந்தால்தான் வழி உண்டு, அதையும் நிபந்தனைகளைப் படித்துவிட்டு நம்புங்கள்.

ஆகவே தள்ளி ஸ்டார்ட் செய்யும் யோசனையும் வேண்டாம். கதவில் தண்ணீர் நின்ற கோடும் நம்பர் பிளேட்டும் தெரியும்படி படம் எடுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். சர்வேயர் பார்க்கும்வரை மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. பழைய பாகங்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் பில்லை மட்டும் நீட்டினால் நான் எதைப் பார்த்து எழுதுவது?

அடுத்த தொல்லை பழைய வண்டி வாங்குவோரிடம். ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றிவிட்டு, பாலிசியை விற்றவர் பெயரிலேயே விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நபருக்கான காப்பீடு, அதாவது வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது, வண்டியோடு வந்துவிடும். சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பாலிசியில் பெயரை மாற்றுங்கள். க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் விற்றவருக்குக் கிடைத்த தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் உங்களுக்கு இல்லை, அது வண்டிக்கு அல்ல, ஆளுக்குச் சேர்ந்தது. நிறுவனம் மாறும்போது, போன வருடம் க்ளெய்ம் வாங்கியதை மறைத்து அந்தத் தள்ளுபடியைக் கேட்பவர்களும் உண்டு. 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும் சலுகை அது, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நிறுவனங்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. சிறு தொகையை மிச்சம் பிடித்து லட்சக்கணக்கில் இழப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எரிவாயுவில் ஓட்ட சி.என்.ஜி. கிட் பொருத்தினால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றுங்கள். சொந்த உபயோகக் காரை முகூர்த்த நாளில் வாடகைக்கு ஓட்டாதீர்கள். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும். திருடு போன வண்டிக்கு இரண்டு சாவிகளையும் கேட்பார்கள்; உதிரிச் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிவையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் க்ளெய்மை மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரான காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.